ஹாரன் சொன்னா உண்மை, நான் சொன்னா உளறல்

பென்டிரைவில் பேச்சை ஏற்றிவிட்டு, காதில் பாட்டுக் கேட்டபடி ஆட்டோ ஓட்டுகிற தம்பிகளுக்கு, தொண்டை கிழியக் கத்தியே பிழைத்த ஒருவன் சொல்லிக்கொள்வது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் விட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதுதான் விட்டது. "ஒன் வாய்க்கு எங்க போனாலும் பொழச்சுக்குவ, இங்க மட்டும் வராத" என்றார் வாத்தியார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஆட்டோ மேல் ஹாரன் என்கிற குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துத் தெருவிலும் சுற்றினேன். சாவு, சாமி ஊர்வலம், ஆடித் தள்ளுபடி, கரண்ட் கட், கட்சிக் கூட்டம், எல்லாம் ஒரே வாயில். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் என்பதால் யாராவது துண்டுச்சீட்டை வாசித்துக் காட்டினால் மனதில் ஏற்றிக்கொண்டு பேசுவேன். இதையும் நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள்தான். அங்கங்கே நல்ல தமிழ் தென்பட்டால் அது அவள் படித்த படிப்பு. பிசகு மட்டும் என் சொந்தச் சரக்கு.

நீங்கள் என்னைப் பார்த்தால் எந்த ஆம்ப்ளி நல்லது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் கேட்கிறீர்கள். அதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். நான் சொல்ல வந்தது, நீங்கள் கத்துவதை யார் நம்புவார்கள், யார் நம்ப மாட்டார்கள், அது தெரிந்த பிறகு உங்கள் வாயை என்ன செய்வது என்பதைப் பற்றி.

முதலில் என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் என் மனைவி நம்ப மாட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கொடுத்துக் கேட்டுவிட்டு வருவாள். அதே நான் தெருமுனையில் ஹாரன் வழியாக "நாளை காலை முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது" என்றால் அப்போதே மாவரைக்க ஓடுவாள். "நான்தானடி சொன்னேன்" என்றால், "நீங்க சொன்னா சும்மா சொல்றது, மைக்ல சொன்னா சொன்னது" என்பாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை அந்த ஹாரனுக்குப் பின்னால் நின்றபோது கிடைத்ததுதான்.

ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிற தெருவில், இரண்டு நாள் குடிதண்ணீர் வராது என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு போனேன். ஒருவர்கூடக் குடத்தைத் தூக்கவில்லை. "வேன்காரர் ஒன்னும் சொல்லலியே" என்றார்கள். ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுநர் அவர். அவருக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு யோசித்தேன். இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று அவர் சொல்கிற சொல்லில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அது பிசகினால் மறுநாள் அதே வேனில் அத்தனை பேர் முகத்தையும் அவர் பார்த்தாக வேண்டும். நான் கத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். யாரை நம்புவது என்று அவர்கள் சரியாகத்தான் முடிவு செய்திருந்தார்கள்.

அரியலூரில் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் குடியிருக்கிற தெருவுக்குப் போனால் வேறு கதை. கேட்டைத் திறந்து வந்து நான் சொல்வதை மரியாதையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு உள்ளே போய்ப் போனைப் பார்ப்பார்கள். போனில் வந்திருந்தால்தான் நம்புவார்கள். அதில் வந்திருப்பதும் முந்தின தெருவில் எவனோ என்னையே படம் பிடித்துப் போட்டதாக இருக்கும்.

ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுக்காரர்கள் இன்னொரு தினுசு. அரசாங்கம் ஒன்று சொன்னால் அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். வரும் என்று சொன்ன விலை வந்ததில்லை, வராது என்று சொன்ன மழை வந்திருக்கிறது. அந்த அனுபவம்.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்கள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். கூட ஒரு ஆபீசர் இறங்கி வெயிலில் நடந்தால் விஷயம் நிஜம். நான் மட்டும் இருந்தால் சும்மா.

இதில் யாரும் முட்டாள் இல்லை, தம்பிகளே. எந்த இடத்தில் ஏமாந்தார்களோ அந்த இடத்தில் அவரவர் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் "ஜனங்களுக்கு வெவரம் பத்தல" என்று பேசுகிறவனை ஆட்டோவில் ஏற்றாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்தது.

ரேஷன் கடையில் சத்து அரிசி வந்த புதிது. தாலுகா ஆபீஸில் கூப்பிட்டு ஒரு சீட்டை வாசித்துக் காட்டினார்கள். "செறிவூட்டப்பட்ட அரிசி" என்று அதற்குப் பெயர். நான் அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விடும். விஷயம் இதுதான். அரிசி மாவில் சத்தைக் கலந்து, மறுபடி அரிசி மாதிரியே செய்து, சாதா அரிசியோடு கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கும் இதே அரிசிதான். நிறம் ஒரு மாதிரி இருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும், பயப்பட வேண்டாம். இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

ஆண்டிமடம் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நானும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அங்கே போய் இதைச் சொன்னேன். நூறு நாள் வேலையில் குளம் வெட்டுகிற இடத்தில் பூமயில் என்று ஒரு பெண். அந்தக் கூட்டத்துக்கே அவள் வாய்தான் தலைமை.

"சத்தா? என்னாண்ணே திடீர்னு எங்க மேல இவ்ளோ பாசம்?"

"ரத்தம் ஊறுமாம்மா."

"புள்ள பொறக்காம இருக்க மருந்து கலக்குறாங்கன்னு பேசிக்கிறாங்க."

"அதெல்லாம் புரளிம்மா. யாரு சொன்னா?"

"எங்கம்மாவ குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனப்பவும் சத்து ஊசின்னுதான் சொன்னாங்களாம். அதுக்கும் இப்படித்தான் ஒரு கொழா வந்துச்சாம்."

 ஹாரனில் பேசத்தான் முடியும், கேட்பதற்கு அதில் வசதி கிடையாது. ஆட்டோவை நகர்த்திவிட்டேன்.

அடுத்த வாரம் எல்லோர் போனிலும் ஒரு குரல் வந்தது. யாரோ ஒரு பெண் அழுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் அரிசி போடுகிறார்கள், தண்ணீரில் மிதக்கிறது, என் பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, யாரும் பிள்ளைகளைச் சாப்பிட விடாதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்கிறாள். எந்த ஊர், என்ன பெயர், எந்தப் பள்ளிக்கூடம் என்று எதுவும் கிடையாது.

ஆனால் மிதக்கிறது என்று நானே ஹாரனில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன் அல்லவா. அது சரியாகப் பொருந்திவிட்டது. அந்த ஊரிலிருந்தும் சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டு வேன் போகும், அதில் அந்தக் குரலைப் போட்டார்கள், ஆலைக்குப் போகிறவர்கள் நம்பிவிட்டார்கள். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் அந்த ஊரில் உண்டு. அவருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பினான். என்ஜினியர் மகன் அனுப்பியது எப்படிப் பொய்யாகும் என்று அவரும் நம்பிவிட்டார். பூமயிலுக்கு ஏற்கெனவே சந்தேகம். ஒவ்வொரு பூட்டுக்கும் சாவி தானாக வந்து விழுந்தது.

அதற்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் அஞ்சலை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். முன்பு சமைத்த அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வருஷம்தான் இவள் வந்தாள். காலனியிலிருந்து வந்தவள் என்பதை நான் சொல்லாவிட்டாலும் மேலே படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். வேலைக்கு வந்த நாளிலிருந்தே மேலத்தெருப் பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். வயிற்றுவலி, அலர்ஜி, டாக்டர் வேண்டாம் என்றார் என்று ஆளுக்கு ஒரு காரணம்.

இந்த நேரத்தில் எனக்குப் போன் வந்தது. தங்கராசு. அந்த ஊரில் பெரிய முந்திரிக்காட்டுக்காரர். திருவிழா, கல்யாணம், சாவு என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு வந்த வேலையில் பாதி அவர் கை காட்டி வந்ததுதான். "ஒடனே வா, ஒரு ரவுண்டு சொல்லணும்" என்றார். கோயில் விஷயமாக இருக்கும் என்று ஹாரனைக் கட்டிக்கொண்டு காலையிலேயே போய்ச் சேர்ந்தேன்.

பள்ளிக்கூடத்து முக்கில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். தங்கராசு ஒரு தாளை அந்த ரிட்டையர்டு வாத்தியாரிடம் கொடுக்க, அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பள்ளியில் பிளாஸ்டிக் அரிசி சமைக்கப்படுகிறது. சமையல்காரரை மாற்றும் வரை பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்ப வேண்டாம். இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்.

"அண்ணே, போன வாரம் இதே ஹாரன்ல நல்ல அரிசின்னு சொல்லிட்டுப் போனேனே" என்றேன்.

"அப்ப ஆபீஸ்காரன் சொல்லச் சொன்னான், சொன்ன. இப்ப நான் சொல்லச் சொல்றேன், சொல்லு. ஒனக்கென்னா, நீ வெறும் கொழா."

குழாய் என்றுதான் ஊரே என்னைக் கூப்பிடும். நானும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பேன். ரேஷன் கார்டில் சின்னசாமி என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதே ரேஷன் கடையில்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த "வெறும்" என்னைக் குத்திவிட்டது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் நன்றாகக் குத்தியது. அரிசி நல்லது என்று நான் கத்தியபோது ஒருவரும் நம்பவில்லை. அரிசி கெட்டது என்று கத்தினால் ஊரே நம்பும், அவர்கள் காதில் ஏற்கெனவே அது இருக்கிறது, "மைக்லயே சொல்லிட்டாங்க" என்ற முத்திரை ஒன்றுதான் பாக்கி. அந்த முத்திரைக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒரு சுற்றுச் சுற்றினால் அன்றைக்கு மத்தியானம் அஞ்சலையின் அடுப்பு அணைந்துவிடும். பிறகு எவன் வந்து எதைச் சொன்னாலும் அது எரியாது.

ஆனால் வீரமாக எதையும் சொல்ல எனக்கு வராது. வாயில் வந்தது வேறு.

"ஏண்ணே, ஒங்க வூட்ல ரேஷன் அரிசிதான் ஆக்குறீங்களா?"

"ரேஷன் அரிசிய நாங்க ஏண்டா ஆக்குறோம்? கோழிக்குப் போடுறோம்."

"கோழியெல்லாம் நல்லாருக்கா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். தங்கராசு திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"புள்ளைங்க உசுரு வெளையாட்டாடா ஒனக்கு?"

"இல்லண்ணே. அரிசி கெட்டதுன்னா அரிசிய மாத்தச் சொல்லலாம். அரிசிய விட்டுட்டு ஆக்குற அம்மாவ மாத்தச் சொல்லி எழுதியிருக்கீங்களே. வேற அம்மா ஆக்குனா பிளாஸ்டிக்கு வெந்துருமா?"

 வாத்தியார் போனை எடுத்து, வராத செய்தியைப் படிக்க ஆரம்பித்தார்.  

"நீ சொல்ல மாட்ட, அவ்ளோதான?" என்றார் தங்கராசு.

"நான் சொல்லல. மைக்கு தர்றேன், நீங்க சொல்லுங்க. ஹாரன் ஒங்களுக்காகத்தான் கட்டிக்கிட்டு வந்தேன், ஒழைக்காம அவுக்க வேணாம்."

மைக்கை நீட்டினேன். தங்கராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் எதுக்கு? பேசத்தான் ஒன்னயக் கூப்புட்டது" என்றார். ஆலைக்குப் போகிற இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். அவர்களிடம் நீட்டினேன், "எங்களுக்கு ஷிப்டு இருக்கு" என்று நகர்ந்தார்கள். கடைசியில் வாத்தியார், படித்தவர், தன்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. நமது பள்ளியில் பிளாஸ்டிக் அரிசி..."

ஹாரன் வழியாகத் தன் குரல் தெருக்கோடி வரை போய்ச் சுவரில் மோதித் திரும்பி வருவதை அந்த மனிதர் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். முப்பது வருஷம் வகுப்பில் பேசியவர். 

"...சமைக்கப்படுவதாகச் சொல்லப்படுகிறது" என்று முடித்து, மைக்கை என் மடியில் வைத்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம், குளத்து வேலைக்குப் போகாமல் பிள்ளையை அழைத்துப் போக வந்திருந்த பூமயில் நின்றாள். "யாரால சார் சொல்லப்படுது?" என்றாள்.

"மகன் அனுப்பிச்சான்மா."

"அவருக்கு யாரு அனுப்பிச்சது?"

"அது குரூப்ல வந்துச்சு."

போனில் அனுப்பும்போது விரலுக்குக் கனமே தெரிவதில்லை, தம்பிகளே. சொந்தக் குரலில், சொந்தத் தெருவில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் சொல் என்றால்தான் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது வருஷத்துக்கு ஒரு தடவை பென்டிரைவை வீட்டில் வைத்துவிட்டு உங்கள் வாயால் பேசிப் பாருங்கள்.

இந்தச் சத்தத்தில் பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து அஞ்சலை வந்துவிட்டாள். கையில் கரண்டி. எனக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"யோவ் மைக்கு. போன வாரம் அந்தப் பக்கம் பேசுன, இன்னிக்கு இந்தப் பக்கம் பேச வந்துருக்க. ஒரு டீ வாங்கிக் குடுத்தா நாளைக்கு எந்தப் பக்கம்யா?"

"நான் பேசலம்மா. பேச மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"நீ பேசாம இருந்தா? உள்ள சோறு வெந்துக்கிட்டு இருக்கு. பெல் அடிச்சா ஒரு புள்ள வராது. நீ பேசாம வூட்டுக்குப் போயி நிம்மதியா படுத்துக்க. நான் அந்தச் சோத்த எங்க கொட்டுறது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். மாட்டேன் என்று சொன்னதோடு என் பங்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

"இந்தா பாரு" என்றார் தங்கராசு. "பேசலன்னா இப்பவே கெளம்பு. நின்னு ஏதாச்சும் பண்ணுன, மாசித் திருவிழாவுலேருந்து சாவு வரைக்கும் இந்தச் சுத்துப்பட்டுல ஒரு எடத்துல ஒன் கொழா கேக்காது."

"திருவிழாவுக்குக் கூப்புடலன்னா பரவால்லண்ணே. சாவுக்காச்சும் கூப்புடுங்க. ஒங்களப் பத்தி நான் பேசுற மாதிரி அழகா வேற எவனும் பேச மாட்டான்."

அதைச் சொன்ன பிறகு அங்கே நிற்பது உடம்புக்கு நல்லதில்லை என்று தெரிந்தது. ஆட்டோவைக் கிளப்பினேன். ஸ்விட்சைப் போட்டேன். ஊருக்குள் போகிற தெரு ஒவ்வொன்றிலும், ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைத்துச் சொன்னது இது. அன்றைக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை, அதனால் எழுத்துத் தமிழும் வரவில்லை.

"நான் சின்னசாமி பேசுறேன். கொழா சின்னசாமி. இன்னிக்கு எனக்கு யாரும் காசு குடுக்கல, அதனால பேச்சு கொஞ்சம் சொதப்பும். பள்ளிக்கூடத்துல பிளாஸ்டிக் அரிசின்னு சொல்லச் சொன்னாங்க. யாரு பாத்தாங்கன்னு கேட்டேன், ஒருத்தரும் பாக்கல. போன வாரம் நல்ல அரிசின்னு நான் சொன்னேன், அதையும் நான் பாக்கல, ஆபீஸ்ல சொன்னாங்க, கத்துனேன். எனக்கு ரெண்டுமே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதான். எங்க வூட்லயும் அந்த ரேஷன் அரிசிதான். இப்ப பெல் அடிச்சதும் பள்ளிக்கூடத்துல போயி அஞ்சலையம்மா கையால சாப்புடப் போறேன். வேல வெட்டி இல்லாதவங்க வந்து பாக்கலாம். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அறிவிக்க வேற ஆளப் பாத்துக்கங்க."

இது தொழில் முறைப்படி ரொம்பத் தப்பான அறிவிப்பு. சேதியைவிடச் சொல்கிறவன் பெரியவனாகிவிட்டான். "எனக்குத் தெரியாது" என்று ஹாரனில் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். செய்ய வேண்டிய நாள் வந்தால், என்னைக் கேட்காமல் செய்யுங்கள்.

பெல் அடித்தபோது பள்ளிக்கூடத்து வேலியில் நல்ல கூட்டம். என் மேல் அன்பு என்று சொல்ல முடியாது. ஒருவன் சாகிறானா என்று பார்க்கிற ஆசை. தலைமையாசிரியை அம்மா என்னைப் பார்த்தார். "நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

பிள்ளைகள் வராந்தாவில் டப்பாவோடும் டப்பா இல்லாமலும் உட்கார்ந்திருந்தார்கள். டப்பா இல்லாத பிள்ளைகள் சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடாதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கட்டிக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. புரளிக்குப் பயப்படுவதிலும் வசதி வேண்டியிருக்கிறது.

நான் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அஞ்சலை ஒரு தட்டைத் தரையில் தள்ளி, சாம்பார் சாதத்தைப் போட்டாள். முட்டையை வைத்தாள். வேலியிலிருந்து பூமயில், "நல்லா மென்னு தின்னுங்கண்ணே, இங்கேருந்து தெரியணும்ல" என்றாள். பத்துப் பேர் சிரித்தார்கள். மென்று தின்றேன். இத்தனை பேர் பார்க்க நான் சாப்பிட்டது என் கல்யாணத்தில்கூடக் கிடையாது. அதில் எல்லோரும் அவரவர் இலையைத்தான் பார்த்தார்கள்.

"எப்புடி இருக்கு?" என்று கத்தினாள் பூமயில்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அஞ்சலையும் பார்த்தாள். அற்புதம், அமிர்தம் என்று சொல்ல எனக்குத் தெரியும். ஜவுளிக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் அப்படிச் சொல்லித்தான் வயிறு வளர்த்தேன். என்னமோ அன்றைக்கு வரவில்லை.

"உப்பு கம்மி" என்றேன்.

வேலி முழுக்கச் சிரிப்பு. அஞ்சலை கரண்டியை ஓங்கியே விட்டாள். "காலையிலேருந்து வாசல்ல பஞ்சாயத்துப் பண்ணிட்டு உப்பு கம்மிங்கிறியா? நீ போட்ட சத்தத்துலதான்யா உப்பு போட்டனா இல்லியான்னே மறந்துபோச்சு."

"கம்மியா இருந்தா கம்மின்னுதானம்மா சொல்லணும். இன்னும் கொஞ்சம் போடு."

தட்டை நீட்டினேன். முறைத்துக்கொண்டே போட்டாள். காலையிலிருந்து சாப்பிடாதவன், பசி. வழித்துத் தின்றேன்.

தலை நிமிர்ந்தபோது பூமயில் கேட்டுக்குள் வந்து நின்றாள். தன் மகளைத் தோளைப் பிடித்து வரிசையில் உட்கார வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பெண்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்த பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பானையில் மிச்சம் இருந்தது, ஆனால் கொட்டுகிற அளவுக்கு இல்லை.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பூமயிலைப் பார்த்தேன். என் பேச்சுத் திறமையில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம் வந்திருந்தது. "என் பேச்சக் கேட்டுத்தான அன்னிக்குப் புள்ளைய உக்கார வெச்ச?" என்றேன்.

"ஒங்க பேச்சயா? அத யாருண்ணே கேட்டா. நல்லாருக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா காசு வாங்கிட்டீங்கன்னு நெனச்சுருப்பேன். உப்பு கம்மின்னுட்டு மறுபடியும் தட்ட நீட்டுனீங்க பாருங்க. பொய் சொல்ல வந்தவன் ஒரு வாயோட எந்திரிச்சுருவான்."

தொழிலில் இத்தனை வருஷம் குரலை ஏற்றி இறக்கி, கமகம் கொடுத்து, இருமலுக்கு மிளகு தின்று நான் கற்றுக்கொள்ளாததை அந்த அம்மா பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் சொல்லிவிட்டுப் போனாள். அதற்காக ஊரே திருந்தியது என்று எழுதிவிடாதே என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். வேன் ஓட்டுநர் தன் பிள்ளையைச் சாப்பிட அனுப்பினார் என்று தெரிந்த பிறகுதான் ஆலைக்குப் போகிறவர்கள் அனுப்பினார்கள். வாத்தியாருக்கு மகன் இன்னொரு செய்தி அனுப்பினான், முன்பு அனுப்பியது பொய் என்று. அவர் அதையும் அதே மரியாதையோடு நம்பினார். பூமயில் ரேஷன் அரிசியை இன்றைக்கும் முகர்ந்து பார்த்துத்தான் உலையில் போடுகிறாள், போடட்டும். தங்கராசு தன் பேரனை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார். அவருக்கு அரிசியைப் பற்றிச் சந்தேகம் இருந்ததே இல்லை, அதனால் தீர்ப்பதற்கும் ஒன்றும் இல்லை.

சொன்ன சொல்லை மட்டும் அவர் காப்பாற்றினார். மாசித் திருவிழாவுக்கு வேறு ஹாரன் வந்தது. சாவு ஒன்றும் எனக்கு வரவில்லை. நடுவில் தங்கராசு அனுப்பி ஒரு ஆள் வந்தான். "பெரியவரு கோவத்த விட்டுட்டாரு. அன்னிக்குப் பேசுனது தப்புன்னு ஒரு வார்த்த மைக்ல சொல்லிட்டா பழயபடி கூப்புடுவாங்க" என்றான்.

"எது தப்பு? உப்பு கம்மின்னு சொன்னதா? அது அஞ்சலையம்மாகிட்ட நேர்லயே சொல்லிட்டேன்" என்றேன்.

போய்விட்டான். என் மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "வேற ஊரே இல்லியா" என்று மட்டும் சொன்னாள். வேறு ஊர் இருந்தது. எப்போதும் இருக்கிறது, தம்பிகளே. இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்று எவனாவது உங்களைப் பயமுறுத்தினால், மாவட்டம் எவ்வளவு பெரியது என்று ஒரு நாள் டீசல் போட்டுக்கொண்டு சுற்றிப் பாருங்கள். நாம் மைக்கை வாடகைக்கு விடுகிறோம். ஆம்ப்ளி, ஹாரன், ஆட்டோ, எல்லாம் வாடகைக்குத்தான். நாக்குக்கு வாடகை கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லுங்கள். வெறும் குழாய் என்பார்கள். சொல்லட்டும்.

தொழிலை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பெரம்பலூர்க் கடைக்காரர் ஒருவருக்காகப் பாய், தலையணை விற்றுக்கொண்டு அந்த ஊர் வழியாகப் போக வேண்டி வந்தது. மத்தியான நேரம். கோரைப் பாயின் பெருமையை உச்சத்தில் பாடிக்கொண்டு பள்ளிக்கூடத்து முக்கில் திரும்பினேன். கேட்டைத் திறந்துகொண்டு அஞ்சலை வந்தாள். தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு என்னாத்த விக்கிற?"

"பாயி, தலகாணிம்மா. ஒனக்கு ஒன்னு வேணுமா?"

"ஒன்னும் வேணாம். அத மொதல்ல நிறுத்து. புள்ளைங்க சாப்புடுதுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஸ்விட்சை அணைத்தேன். வராந்தாவிலிருந்து தட்டுச் சத்தமும், இன்னும் சோறு கேட்டுப் பிள்ளைகள் கத்துகிற கத்தலும் தெருவில் கேட்டன. அந்தத் தெருவைத் தாண்டும் வரை நான் வாயைத் திறக்கவில்லை.